ஜாஸ்பர் தரம் பிரித்த தேரைகள்

கண் எதிரே எதுவும் கலந்து கிடந்தால் ஜாஸ்பருக்குக் கை சும்மா இருக்காது. மனைவி சாராள் சந்தையிலிருந்து வாங்கி வரும் சின்ன வெங்காயத்தைக்கூடப் பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று மூன்று கூடையில் பிரித்துப் போட்டால்தான் அவருக்கு நிம்மதி. "வெட்டிப் போட்டா எல்லாம் ஒண்ணுதான?" என்று முப்பத்திரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவரும் முப்பத்திரண்டு வருஷமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் பதினாறு வயதிலிருந்து இருபத்தாறு வயது வரை சல்லடை போட்ட கை அது. சொன்னால் கேட்காது.

போடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வதென்றால், மலையிலிருந்து இறங்கும் மூட்டையில் காய் கலந்துதான் வரும். எந்தத் தோட்டத்துக் காய், எந்த மேட்டில் விளைந்தது என்பதெல்லாம் கிட்டங்கி வாசலோடு சரி. உள்ளே நுழைந்துவிட்டால் கேள்வி ஒன்றே ஒன்று. எத்தனை எம்எம்? எட்டுக்கு மேல் ஒரு குவியல், ஏழு ஒரு குவியல், ஆறு ஒரு குவியல். அப்புறம் பச்சை தனி, வெளிறியது தனி, வெடித்தது தனி. பத்து வருஷத்தில் ஜாஸ்பருக்குச் சல்லடையே தேவைப்படாமல் போய்விட்டது. கை நிறைய அள்ளினால் விரலே அளவு சொல்லும். அந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றுதான் உண்டு. வியாபாரிக்குத் தட்டில் காட்டும் மாதிரி ஒன்றாகவும் மூட்டைக்குள் இருப்பது வேறாகவும் இருக்கக் கூடாது. அப்படிச் செய்தவனை அடுத்த பருவத்துக்கு எந்தக் கிட்டங்கியும் கூப்பிடாது.

1990இல் அவருக்குப் பெரியகுளம் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. விலங்கியல் துறையின் அருங்காட்சியக உதவியாளர். அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமான ஓர் அறை, ஆறு கண்ணாடி அலமாரி, ஒரு காது உதிர்ந்த மான் தலை, ஸ்பிரிட்டில் ஊறும் பாம்புகள், யானையின் கடைவாய்ப் பல் ஒன்று. பல்லைத் தொடாதே என்று எழுதியிருக்கும். தொடாத மாணவன் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை.

துறையில் அப்போது நாகராஜ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவருக்குத் தேரைப் பைத்தியம். அதிலும் கொம்புத் தேரை. கண்ணுக்கு மேல் எலும்பு தடித்து நுனி கூர்ந்து, பொட்டுப் பொட்டாக இரண்டு கொம்பு நிற்கும். மழை இறங்கும் நாட்களில் மட்டும் வெளியே வரும், மற்ற மாதங்களில் எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மலையடிவாரத்து ஜனங்கள் அது வீட்டுக்குள் வந்தால் விளக்குமாற்றால் தள்ளி விடுவார்கள். தேரைக்கும் அவர்களுக்கும் அவ்வளவுதான் உறவு. நாகராஜ் மட்டும் பதினைந்து வருஷம் அதன் பின்னால் அலைந்தார். தேவாரம், பண்ணைப்புரம், குரங்கணி, போடிமெட்டு, கம்பம்மெட்டு என ஐந்து இடங்களில் நாற்பத்து மூன்று தேரைகளைப் பிடித்து வந்து ஐந்து பாட்டில்களில் போட்டார். பாட்டிலுக்கு ஒரு சீட்டு, அதில் பென்சிலால் ஊர்ப்பெயர்.

ஒவ்வொரு தேரையின் காலிலும் நூலால் தனிச் சீட்டுக் கட்ட வேண்டும் என்பதுதான் முறை. அது நாகராஜுக்குத் தெரியாததல்ல. "நாளைக்குக் கட்டிரலாம் ஜாஸ்பர்" என்பார். மறுநாள் மழை பெய்யும், புதுத் தேரை தேடிக் கிளம்பிவிடுவார். 2002இல் ஓய்வு பெற்றார், அடுத்த வருஷமே இறந்தும் போனார். நூல்கண்டு அலமாரியின் கீழ்த்தட்டில் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

2004இல் கல்லூரிக்குத் தரம் நிர்ணயிக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருகிறது என்று தகவல் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மான் தலைக்குப் பிளாஸ்டிக் காது வைத்தார்கள். அப்போதைய துறைத் தலைவர் தேரை அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார். ஐந்தும் ஐந்து விதமான பழைய பாட்டில்கள், ஒன்றில் பதினேழு தேரை நெருக்கியடித்துக் கிடக்கும், இன்னொன்றில் மூன்றே மூன்று மிதக்கும். ஒரே அளவில் ஐந்து புது ஜாடி வாங்கிக் கொடுத்துவிட்டு, "பாக்க லட்சணமா வைங்க ஜாஸ்பர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜாஸ்பர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். நாற்பத்து மூன்றையும் ஒரே பெரிய தட்டில் கொட்டினார். ஜாடி ஐந்து, ஆக ஜாடிக்கு ஒன்பதோ எட்டோ வரும். பெரியது ஒரு ஜாடிக்கு, அதற்கு அடுத்தது ஒரு ஜாடிக்கு, கடைசியில் பொடிசு என்று கை தன்பாட்டுக்குப் பிரித்தது. ஊர்ப்பெயர்களைத் தன் மணிமணியான எழுத்தில் புதுச் சீட்டில் எழுதி, கைக்கு வந்த வரிசையில் ஒட்டினார். தேவாரம் என்ற சீட்டு மேலாக இருந்தது. அது பெரிய தேரைகளுக்குப் போனது. குரங்கணி கடைசியில் கிடந்தது, பொடிசுகளுக்குப் போனது. இதில் தவறு இருக்கிறது என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றவில்லை. ஜாடி புதிது, சீட்டு புதிது, உள்ளே அளவு வரிசை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

குழுவில் வந்த ஒரு பெரியவர் அந்த அலமாரி முன்னால் நின்றுவிட்டார். "இதை அடுக்கியது யார்?" என்று கேட்டு, ஜாஸ்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பத்து நான்கு வருஷ வேலையில் அவர் கையை ஒருவர் பிடித்துப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அந்த அலமாரியை அவர் வேறு யாரையும் துடைக்க விட்டதில்லை.

இருபது வருஷம் ஓடியது. 2024 மே மாதம், அவர் ஓய்வு பெற ஏழு வாரம் இருக்கும்போது, மகிமா வந்தாள். தேனிப் பெண். வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கொம்புத் தேரை ஒரே இனமா, பல இனமா என்பது இதுவரை யாரும் ஒழுங்காகப் பார்க்காத விஷயம். அதைத் தீர்த்துவைக்க வந்திருந்தாள். ஃபார்மலினில் பதப்படுத்தி ஸ்பிரிட்டில் போட்ட பழைய உடம்பிலிருந்து மரபணு ஒழுங்காகக் கிடைக்காது, ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும் என்றாள். ஜாஸ்பர் ஜாடியைத் திறந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார், அவள் வெர்னியர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்வாள். வாரக்கணக்கில் வேலை நடந்தது. ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு மத்தியானம் மகிமா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, இங்கன வாங்களேன். இதப் பாருங்க."

திரையில் ஐந்து நிறத்தில் ஐந்து புள்ளிக் கூட்டம். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றது.

"தேவாரத்துத் தேரை எல்லாமே பெருசு. குரங்கணித் தேரை எல்லாமே பொடிசு. ஊருக்கு ஒரு அளவு! இவ்வளவு சுத்தமா வந்து நான் எங்கயுமே பாத்ததில்லண்ணே. ஒரு இனம் இல்ல, அஞ்சு இனம் இருக்கும்போல."

ஜாஸ்பர் இடுக்கியில் இருந்த தேரையை ஜாடிக்குள் போட மறந்து அப்படியே நின்றார். அந்தப் புள்ளிக் கூட்டம் எப்படி வந்தது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "அப்படிங்களா மேடம்" என்றார்.

"ஒண்ணுதான் இடிக்குது" என்று மகிமா நகத்தைக் கடித்தாள். "தேவாரத்து ஜாடியில ஒரு ஆண்கூட இல்ல. குரங்கணியில ஒரு பொண்ணு இல்ல. தேரையில ஆண் எப்பவும் சின்னதாத்தான் இருக்கும். நாகராஜ் சார் போன நேரத்துல அதுதான் கண்ணுல பட்டுச்சோ என்னமோ. நீங்க அவுககூட இருந்தீகளே, எந்த மாசம் போனாகன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல மேடம்" என்றார் ஜாஸ்பர். அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லும்போது அவருக்கு அதற்கு முன் என்றும் அவ்வளவு கூசியதில்லை.

அவள் சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தேவாரத்துக்கு மேற்கே, மலை இறங்கி நிலம் சமமாகும் இடத்தில் ஓர் ஊற்றும் அதைச் சுற்றி இரண்டு ஏக்கர் சதுப்பும் இருக்கிறது. பக்கத்து நிலம்வரை மனை போட்டுக் கல் ஊன்றியாகிவிட்டது, அடுத்து ஊற்றுதான். அதைக் காப்பாற்றச் சொல்லி மூன்று வருஷமாக மகிமா மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லா ஊரிலும் இருக்கிற தேரைதானே என்று சொல்லி அதிகாரிகள் கோப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். பெரிய கொம்புத் தேரை தனி இனம், அது தேவாரத்தில் மட்டும்தான் உண்டு என்றால் அப்படி மூட முடியாது. புது மனுவில் அந்தப் புள்ளிக் கூட்டத்தையே படமாகப் போட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புது இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமே. இந்த நாற்பத்து மூன்றையும் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பிரிட் வற்றவிடாமல் காப்பாற்றியவர் பெயரையே வைப்பது என்று அவள் முடிவு செய்தாள். துறைத் தலைவர் விஜயகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை ஜாஸ்பரின் ஓய்வு விழா, அந்த மேடையிலேயே பெயரை அறிவித்துவிடலாம், பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடலாம் என்றார்.

சாராளிடம் ஜாஸ்பர் சொல்லவில்லை. விஜயகுமார் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக் குறிப்பாகவே வாசித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் கை கொடுத்தார்கள். "ஒங்க பேர்ல தேரையாம்ல?" என்று ஒருவர் சிரித்தார். சிரித்தாலும் அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது ஜாஸ்பருக்குத் தெரிந்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. அதுதான் கொடுமை.

"கொம்பு வச்ச தேரைக்குப் போயி ஏன் ஒங்க பேர வைக்கிறாக? மயிலு கியிலு கெடைக்கலையா?" என்று சாராள் கேலி செய்தாள். ஆனால் விழாவுக்கென்று பட்டுப்புடவையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜாஸ்பர் பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்? பெயர் நிற்கும், ஊற்றும் பிழைக்கும், அந்தப் பெண்ணுக்குப் பட்டம் கிடைக்கும். சொன்னால் மூன்றும் போகும். இந்தக் கணக்கைத் தினமும் பேருந்தில் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை போட்டுப் பார்த்தார். விடை ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் மறுபடி போட்டுப் பார்த்தார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் மகிமா அவரைத் தேவாரத்துக்குக் கூட்டிப்போனாள். அவருடைய தேரை இருக்கும் இடத்தில் அவரை நிற்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மலைப்பக்கத்துச் சாரல் விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஊற்றுக்கு இருபதடி தள்ளிச் சிவப்புக் கொடி கட்டிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் ஓரத்தில் புல்லுக்குள்ளிருந்து மரக்கதவைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மகிமா உதட்டில் விரல் வைத்துக்காட்டி டார்ச்சை அடித்தாள்.

பெரிய தேரை ஒன்று உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை நிறையும் உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு கொம்பு. தேவாரத்து ஜாடியில் இருப்பது இதுதான் என்று ஜாஸ்பர் கண்ணாலேயே அளந்துவிட்டார். அதன் முதுகில் இன்னொரு தேரை ஏறி இறுகப் பிடித்திருந்தது. அதில் பாதி அளவுகூட இல்லை. அதற்கும் கொம்பு இருந்தது. குரங்கணி ஜாடியில் இருப்பது அது. மழைக்கு ஜோடி சேர்ந்து முட்டையிட வந்திருந்தன.

மகிமா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"குரங்கணி இனம் இங்கன எப்படிண்ணே வந்துச்சு? வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்குமோ... அங்கன இருந்து இங்கன தண்ணி வராதே. ஒருவேள ரெண்டு இனமும் கலந்து..."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொன்றையும் தானே தள்ளினாள். கண்ணெதிரில் இருப்பதை விட்டுவிட்டு ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காப்பாற்றப் பாடுபட்டாள். அந்தச் சீட்டு அவர் எழுதியது. ஜாஸ்பரால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பாப்பா" என்றார். அதுவரை அவளை அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "அதுக கலக்கல. நாந்தான் கலந்தேன்."

"என்னண்ணே?"

"நாகராஜ் சார் ஊர் ஊராத்தான் வச்சிருந்தாக. நாந்தான் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி, பெருசு சின்னதுன்னு தரம் பிரிச்சேன். இருவது வருஷமாச்சு. சீட்டு அவுக சீட்டப் பாத்து எழுதுனதுதான். ஆனா உள்ள கெடக்குறது அந்தந்த ஊருத் தேரை இல்ல."

டார்ச் வெளிச்சம் புல்லிலிருந்து அவர் முகத்துக்கு வந்தது.

"ஏண்ணே?"

"ஏலக்காய அப்படித்தான் பிரிப்போம். எந்த ஊருன்னு பாக்க மாட்டோம். காஞ்ச காய் வளராதுல்ல பாப்பா. தேரை வளரும், ஆம்பளத் தேரை சின்னதா இருக்கும்னெல்லாம் எனக்கு அப்பத் தோணல."

"திரும்பப் பழையபடி பிரிக்க முடியுமா?"

"முடியாது."

"ஒண்ணு ரெண்டாவது? இது தேவாரத்துதுன்னு உறுதியா ஒண்ணே ஒண்ணு?"

ஆமாம் என்று சொல்லி ஒரு தேரையைக் காட்டியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது.

"தெரியாது பாப்பா" என்றார்.

திரும்பி வரும் வழியில் அவள் போடி தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வெட்கத்தில் ஜாஸ்பருக்கு அந்த வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. தேனியில் அவர் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீகளா?"

"குடுக்கறேன்."

"என்னைக்குத் தெரியும் ஒங்களுக்கு?"

"நீ அந்தப் புள்ளிப் படத்தக் காமிச்ச அன்னைக்கே."

அவள் கதவை அறைந்து சாத்தினாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

மறுநாள் விஜயகுமார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். "ஜாஸ்பர் அண்ணே, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகப்போறீங்க. இத இப்பச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? நீங்க எழுதலேன்னா யாருக்குத் தெரியப்போகுது? அந்தப் புள்ளைட்ட நான் பேசிக்கிறேன்."

"மாதிரி ஒண்ணு மூட்டை ஒண்ணா இருக்கக் கூடாது சார்" என்றார் ஜாஸ்பர். விஜயகுமாருக்குப் புரியவில்லை. அவர் உடுமலைப்பேட்டைக்காரர்.

விழா நடந்தது. சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கடமை தவறாதவர் என்று மூன்று பேர் பேசினார்கள். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் ஜாஸ்பர் குனிந்து மேஜை விரிப்பைப் பார்த்தார். தேரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் தேய்த்த பட்டுப்புடவையில் சாராள் கடைசிவரை அந்த அறிவிப்புக்குக் காத்திருந்தாள். அவளிடம் முன்கூட்டியே சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நாற்பத்து மூன்று தேரையைக் கலந்ததைவிட அதுதான் பெரிய தப்பு என்று அவள் பின்னால் சொன்னாள்.

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டினாள். அவர் தொடவில்லை. "பிரிங்க, பிரிங்க" என்றாள். "வெங்காயத்துக்கு ஊரு பேரு கேட்டு ஒருத்தியும் வரப்போறதில்ல."

மகிமா ஒரு மாதம் கழித்து வந்தாள். கோபம் போய்விட்டதா என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஐந்து ஊருக்கும் முதலிலிருந்து நடக்க வேண்டும், கூட வருவீர்களா என்றாள். ஓய்வு பெற்றவருக்கு வேறென்ன வேலை? ஆகஸ்டிலிருந்து ஐப்பசி அடைமழை முடியும்வரை, மழை இறங்கிய சாயங்காலமெல்லாம் இருவரும் அலைந்தார்கள். கம்பம்மெட்டில் ஒன்றும் இல்லை. போடிமெட்டிலும் இல்லை. குரங்கணியில் நாகராஜ் தேரை பிடித்த ஓடையில் தண்ணீர் இருந்தது, தேரை இல்லை. பண்ணைப்புரத்தில் ஓடையே இல்லை. தேவாரத்து ஊற்றில் மட்டும் இருந்தன. பெரிசும் இருந்தது, பொடிசும் இருந்தது, நடுத்தரமும் இருந்தது. பிடித்து, அளந்து, கால் விரலிடையில் மரபணுச் சோதனைக்குப் பஞ்சால் தொட்டு எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷம் கட்டுரை வெளிவந்தது. புது இனம் எதுவும் இல்லை. பள்ளத்தாக்கில் இருப்பது ஒரே இனம், ஒரு காலத்தில் ஐந்து இடத்தில் இருந்தது, இப்போது கண்ணில் படுவது ஓர் இடத்தில் என்று மகிமா எழுதியிருந்தாள். அதையே வைத்து மனுவையும் மாற்றி எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கட்டுரையோடு வீட்டுக்கு வந்த மகிமாவிடம் அந்த ஆங்கில வரியைத் தமிழில் சொல்லச் சொல்லி சாராள் நச்சரித்தாள். மகிமா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கல்லூரிச் சேகரிப்பில் உள்ள நாற்பத்து மூன்று தேரைகளும் 2004இல் அளவுப்படி மாற்றி வைக்கப்பட்டவை. இந்தத் தகவலைத் தந்தவர், அவற்றை மாற்றி வைத்தவரான ஜாஸ்பர். ஆகவே இவை எந்த ஊரைச் சேர்ந்தவை என்பது தெரியாது."

"பேரு வந்திருச்சுல்ல" என்றாள் சாராள்.

"தப்புப் பண்ணவன்னு வந்திருக்கு."

"தப்ப ஒத்துக்கிட்டவன்னு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் காப்பி போட எழுந்து போனாள்.

மகிமா போகும்போது ஒரு காரியம் கேட்டாள். நாகராஜ் சார் செய்யாமல் விட்ட வேலையைச் செய்து முடித்துவிட வேண்டும். துறையில் அனுமதி வாங்கியிருந்தாள். ஜாஸ்பர் மறுநாள் காலையில் பேருந்து ஏறி அருங்காட்சியகத்துக்குப் போனார். கீழ்த்தட்டில் நூல்கண்டு இருந்தது. ஐந்து ஜாடியின் ஊர்ச்சீட்டுகளையும் தண்ணீர் தொட்டு ஊறவைத்து உரித்தார். பிறகு தேரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எண் போட்டு, பின்னங்காலில் சீட்டுக் கட்ட ஆரம்பித்தார். சீட்டில் இடம் என்று ஒரு கோடு இருந்தது. இடம் தெரியவில்லை என்று எழுதினார். அடுத்ததிலும் இடம் தெரியவில்லை. நாற்பத்து மூன்று தடவை, அதே மணிமணியான எழுத்தில். பத்தாவது சீட்டு முடிந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுதினார். மத்தியானம் மூன்று மணி ஆயிற்று.

நாற்பத்து நான்காவது ஒன்று இருந்தது. போன வாரம் இருவரும் தேவாரத்துக்குப் போனபோது ஊற்றுக்குப் பக்கத்தில் புதிதாக அஸ்திவாரக் குழி தோண்டியிருந்தார்கள். குழிக்குள் விழுந்து ஏற முடியாமல் ஒரு பெண் தேரை செத்துக் கிடந்தது. மகிமா அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்து பக்குவம் செய்து வைத்திருந்தாள். ஜாஸ்பர் சீட்டை எடுத்தார். இடம்: தேவாரம். ஊற்றுக்குக் கிழக்கே இருபதடி, மனைக் குழி. தேதி போட்டார். எடுத்தவர்கள் என்ற இடத்தில் மகிமா பெயரையும் தன் பெயரையும் எழுதினார். காலில் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

அதை மட்டும் தனி ஜாடியில் இறக்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஐந்து ஜாடியில் ஒன்பதும் எட்டுமாக நெருங்கிக் கிடந்தன. ஆறாவதில் ஒன்றே ஒன்று கிடந்தது. பார்க்க லட்சணமாக இல்லை. ஜாஸ்பர் அப்படியே விட்டுவிட்டு அலமாரியைப் பூட்டினார்.